இலவசத் திறன் பயிற்சித் திட்டங்கள்: உள்ளூரில் கண்காணிப்பது யார்? நாம் கேள்வி கேட்பது எங்கே?

பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் நமது ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். கல்லூரிப் படிப்பை முடித்தும் வேலையில்லாமல் இருப்பவர்களும் உண்டு. இவர்களைத் தேடி அவ்வப்போது துண்டுப் பிரசுரங்கள் வருகின்றன. "முற்றிலும் இலவசப் பயிற்சி, அரசுச் சான்றிதழ், உறுதியான வேலைவாய்ப்பு" என்று அவற்றில் எழுதியிருக்கும். சில பயிற்சிகள் உண்மையிலேயே ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றியிருக்கின்றன. வேறு சிலவற்றில் மூன்று நான்கு மாதங்கள் போய், கையில் ஒரு காகிதம் மட்டும் மிஞ்சுகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்காணிப்பில்தான் இருக்கிறது. பயிற்சிக்கான பணம் டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறது. ஆனால் வகுப்பு நடந்ததா, ஆசிரியர் வந்தாரா, பிள்ளைக்கு வேலை கிடைத்ததா, அந்த வேலை மூன்று மாதம் நிலைத்ததா என்பது உள்ளூரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். உள்ளூரில் இதைப் பார்க்க வேண்டிய அமைப்புகள் எவை, அவற்றுக்கு என்ன அதிகாரம் உண்டு, பெற்றோரும் ஜமாஅத்தும் எந்த வாசலைத் தட்டலாம் என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

எந்தப் பயிற்சி, எந்த அலுவலகம்?

முதலில் திட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் "அரசுப் பயிற்சி" என்றே அழைக்கப்படுவதால், புகார் சொல்ல வேண்டிய இடமும் குழம்பிவிடுகிறது.

1. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா: 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் குறுகிய காலப் பயிற்சித் திட்டம். மத்திய திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவோர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தனியார் பயிற்சி நிறுவனங்கள் மூலமே பெரும்பாலும் நடக்கிறது.

2. தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா: 2014 செப்டம்பர் 25-இல் தொடங்கப்பட்டது. ஊரக ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 15 முதல் 35 வயது வரையிலான இளைஞர்களுக்கானது. பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 45 வயது வரை தளர்வு உண்டு. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் இத்திட்டம், தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழியாகச் செயல்படுகிறது. மாவட்டத்தில் இதற்கான இடம் மகளிர் திட்ட அலுவலகம்.

3. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகள்: 2022 மார்ச் 1-இல் தொடங்கப்பட்ட "நான் முதல்வன்" திட்டமும் இக்கழகத்தின் வழியே நடக்கிறது.

4. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள்: மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துபவை. தையல், கைப்பேசி பழுதுபார்த்தல், அழகுக்கலை, ஆடு மாடு வளர்ப்பு போன்றவற்றில் உணவுடன் இலவசப் பயிற்சி தருகின்றன. மாதச் சம்பள வேலையை விட சொந்தத் தொழிலே இவற்றின் நோக்கம். பயிற்சிக்குப் பின் வங்கிக் கடன் பெற வழிகாட்டுவதும், தொடர்ந்து விசாரிப்பதும் நிலையத்தின் பொறுப்பு.

5. அரசு மற்றும் தனியார் தொழிற்பயிற்சி நிலையங்கள், அதாவது ஐ.டி.ஐ. இவை ஓராண்டு, ஈராண்டுப் படிப்புகள். மேலே சொன்ன குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழும் ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒன்றல்ல. "இரண்டும் சமம்" என்று சொல்லிச் சேர்ப்பவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும்.

பணம் எப்படிக் கைமாறுகிறது?

கண்காணிப்பு ஏன் தேவை என்பது பணம் தரப்படும் முறையைப் பார்த்தாலே புரியும். 2015 ஜூலையில் மத்திய அரசு பயிற்சித் திட்டங்களுக்கான பொது நெறிமுறைகளை அறிவித்தது. அதன்படி ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இவ்வளவு என்று தொகை கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகை மூன்று தவணைகளில் தரப்படும். பேட்ச் தொடங்கும்போது 30 சதவீதம், பயிற்சி முடிந்து சான்றிதழ் பெற்றதும் 50 சதவீதம், வேலைவாய்ப்பு உறுதியானதும் மீதி 20 சதவீதம்.

கடைசித் தவணையை முழுமையாகப் பெற, சான்றிதழ் பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேர் பயிற்சி முடிந்த மூன்று மாதங்களுக்குள் வேலையிலோ சுயதொழிலிலோ சேர்ந்திருக்க வேண்டும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தவணை கிடையாது.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டிப் பாருங்கள். ஒருவருக்குக்கூட வேலை கிடைக்காவிட்டாலும் 80 சதவீதப் பணம் நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. ஆள் சேர்ப்பதும் தேர்வில் தேற வைப்பதும் லாபமாகவும், நல்ல வேலையில் அமர்த்துவது சிரமமான வேலையாகவும் ஆகிவிடுகிறது. மீதி 20 சதவீதத்துக்கும் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு போன்ற ஆவணங்களே சான்று. அவை உண்மையா என்று அந்த இளைஞரின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்காமல் தெரிந்துகொள்வது கடினம்.

கௌசல் விகாஸ் யோஜனாவின் நான்காம் கட்டத்தில் இன்னொரு மாற்றமும் வந்துள்ளது. முதல் மூன்று கட்டங்களில்தான் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களின் வேலைவாய்ப்பு கணக்கெடுக்கப்பட்டது என்றும், நான்காம் கட்டத்தில் பயிற்சி பெற்றவர் தமக்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுக்க உதவுவதே நோக்கம் என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் விளக்கமளித்துள்ளது. அப்படியானால், பயிற்சி முடித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஊரில் இருப்பவர்கள் விசாரிப்பது முன்பைவிட அவசியமாகிறது.

தணிக்கை சொன்னது என்ன?

இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் கௌசல் விகாஸ் யோஜனா குறித்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015 முதல் 2022 வரையிலான முதல் மூன்று கட்டங்களை அது ஆராய்ந்தது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் இருந்த சுமார் 95.9 லட்சம் பயனாளிப் பதிவுகளில் 94 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ சுழியங்களாகவோ இருந்தது. மீதிப் பதிவுகளிலும் ஒரே கணக்கு எண் பலருக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. வெவ்வேறு பயனாளிகளுக்கு ஒரே புகைப்படம் பயன்படுத்தப்பட்டதும் கண்டறியப்பட்டது. குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் வேலை கிடைத்தவர்கள் சுமார் 41 சதவீதம் மட்டுமே.

கணக்கு எண் இல்லாத பதிவுகள் எல்லாமே போலி என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், பணம் யாருக்குப் போனது, யார் பயிற்சி பெற்றார் என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதிசெய்ய முடியாத நிலை இருந்தது என்பது தெளிவு. இந்தக் குறைகள் வெளிவர பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் அந்தப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், அந்தப் பயிற்சி மையங்களில் பல மூடப்பட்டிருக்கும். மேலிருந்து வரும் தணிக்கை அவசியம், ஆனால் அது தாமதமாகவே வரும். ஒரே புகைப்படம் இருவர் பெயரில் இருப்பதை அந்த வார்டில் குடியிருப்பவர் அன்றே கண்டுபிடித்திருப்பார். அவரிடம் பட்டியலை யாரும் காட்டவில்லை என்பதுதான் குறை.

அரசியல் சாசனம் தந்த இடம்

உள்ளாட்சிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பதினொன்றாவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அதில் 16-ஆவது வறுமை ஒழிப்புத் திட்டங்கள். 18-ஆவது தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் நகர்ப்புற வறுமை ஒழிப்பு இடம்பெற்றுள்ளது.

ஆனால் இந்த அட்டவணை தானாக அதிகாரம் தருவதில்லை. எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநில அரசு முடிவு செய்கிறது. நடைமுறையில் பயிற்சித் திட்டங்களின் மாவட்ட அளவிலான பொறுப்பு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் திறன் குழுவிடம்தான் இருக்கிறது. உள்ளூரில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று கண்டறிவது, அதற்கேற்ப மாவட்டத் திறன் மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, பயிற்சி மையங்களைப் பார்வையிடுவது ஆகியவை இக்குழுவின் பணிகள். இக்குழுக்களை வலுப்படுத்தவே உலக வங்கிக் கடனுதவியுடன் "சங்கல்ப்" என்ற திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது.

மறுபக்கம் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று உண்டு. இது அரசியல் சாசனத்தின் 243 இசட்.டி. பிரிவின்படி அமைவது. தமிழ்நாட்டில் இதன் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், துணைத் தலைவர் ஆட்சியர். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளின் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். திறன் திட்டத்தைத் தயாரிப்பது அதிகாரிகள் குழு, மாவட்டத் திட்டத்தை ஒருங்கிணைப்பது மக்கள் பிரதிநிதிகளின் குழு. இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால்தான் கவுன்சிலரும் ஊராட்சித் தலைவரும் "எங்கள் ஊரில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள்?" என்று கேட்க முடியும். நமது மாவட்டத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தை மாவட்டத் திட்டக் குழுவின் முன்வைக்குமாறு கோருவது நியாயமான கோரிக்கை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் அதிகாரிகளே என்ற நிலையில், கேள்வி கேட்கும் பொறுப்பு கிராம சபையின் மீதும் பொதுமக்கள் மீதும் கூடுதலாக விழுகிறது.

நமது ஊர்கள் கிராமமா, நகரமா?

இது நமது சமுதாயம் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் வசிக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை நகராட்சிகள். மேலப்பாளையம் திருநெல்வேலி மாநகராட்சிக்குள் இருக்கிறது. பரங்கிப்பேட்டை பேரூராட்சி. பார்ப்பதற்குக் கிராமம் போல இருந்தாலும், பேரூராட்சி என்பது அரசுக் கணக்கில் நகர்ப்புறம்.

தீன் தயாள் உபாத்யாயா திட்டத்தின் நெறிமுறைகள் சிறுபான்மையினருக்கு 15 சதவீதம் ஒதுக்குகின்றன. பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 50 சதவீதம், பயனாளிகளில் மூன்றில் ஒருவர் பெண் என்பவையும் விதிகள். ஆனால் இது ஊரகத் திட்டம். மேலே சொன்ன ஊர்களின் பிள்ளைகளுக்கு இந்த 15 சதவீதம் எட்டாது.

நகர்ப்புற ஏழைகளுக்கென்று இருந்தது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம். அதன் பயிற்சி மற்றும் வேலைவாய்ப்புப் பிரிவை நகராட்சிகளும் மாநகராட்சிகளுமே செயல்படுத்தின. அதிலும் சிறுபான்மையினருக்கு 15 சதவீத இலக்கு இருந்தது. அந்த இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. நகராட்சி நேரடியாகக் கையாண்ட பயிற்சித் திட்டம் இப்படி நின்றுபோனதால், நமது பகுதிகளுக்கு அதற்கு ஈடாக எந்தத் திட்டத்தில் எத்தனை இடங்கள் ஒதுக்கப்படுகின்றன என்பதை ஒவ்வொரு நகர்மன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளூர்த் தொழிலுக்கும் பயிற்சிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் தோல், காலணித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். அவர்களுக்கு வீட்டுக்கு அருகிலேயே செய்யக்கூடிய மாற்றுத் தொழில் தேவை. இவர்களுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் கோர்ஸைக் கொடுத்தால், பட்டியலில் இடம் காலியாகவே இருக்கும். பிறகு "சிறுபான்மையினர் முன்வரவில்லை" என்று குறிப்பு எழுதப்படும். எந்தப் பயிற்சி, எங்கே, எந்த நேரத்தில் என்பதை உள்ளூர் மக்களிடம் கேட்டுத் திட்டமிடுவதும் கண்காணிப்பின் ஒரு பகுதியே.

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்?

உள்ளாட்சியிடம் இந்தப் பொறுப்பைத் தந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவை உதாரணமாகப் பார்க்கலாம். அங்கு 1973-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் பயிற்சி நிதியின் பொறுப்பு பெருமளவு நகர, மாவட்ட அரசுகளிடம் தரப்பட்டது. பலமுறை மாறி, இப்போது நடைமுறையில் இருப்பது 2014-இல் வந்த சட்டம்.

அதன்படி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு உள்ளூர் தொழிலாளர் மேம்பாட்டு வாரியம் உண்டு. உறுப்பினர்களை நியமிப்பவர் அப்பகுதியின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், அதாவது மேயர் அல்லது கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். வாரியத்தில் பெரும்பான்மையினர் உள்ளூர்த் தொழில் நிறுவனத்தினர். குறைந்தது 20 சதவீதம் பேர் தொழிலாளர் தரப்பினர். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. திட்ட ஆவணங்களை வெளியிட வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நிதி முறைகேடாகச் செலவானால் அதற்குப் பொறுப்பாளி அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் நிர்வாகம்தான். வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நீங்காது. இரண்டு, பயிற்சி முடித்து வெளியேறியவர் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா, எவ்வளவு சம்பளம் பெறுகிறார் என்று பார்க்கப்படுகிறது. இதற்குப் பயிற்சி நிறுவனம் தரும் காகிதத்தை மட்டும் நம்பாமல், முதலாளிகள் அரசுக்குச் செலுத்தும் வேலையின்மைக் காப்பீட்டின் சம்பளப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள்.

அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பொறுப்பாளி யார் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம்மிடமும் வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பதிவுகள் இருக்கின்றன. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒருவர் சேர்ந்தால் பி.எஃப். கணக்கு இருக்க வேண்டும். "வேலை கொடுத்தோம்" என்று சொல்லும் பட்டியலை இந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு மாவட்டத் திறன் குழுவிடம் கோருவதில் தவறில்லை.

கேள்வி கேட்க எங்கெல்லாம் இடம் உண்டு?

கிராம சபை: தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியிலிருந்து யார் யார் பயிற்சிக்குத் தேர்வானார்கள், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வாசிக்கச் சொல்லலாம். அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யவும் கேட்கலாம். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடக்கிறது.

நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை: நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. வார்டு கவுன்சிலர் இதே கேள்வியை மன்றக் கூட்டத்தில் எழுப்பலாம். கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொல்வதை விட, எழுத்தில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்வது நல்லது.

திஷா குழு: மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு 2016 முதல் இயங்குகிறது. மக்களவை உறுப்பினர் தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர். எம்.எல்.ஏ.க்களும் உள்ளாட்சித் தலைவர்களும் இதில் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி மத்திய அரசின் திட்டங்களை ஆய்வு செய்ய வேண்டும். கூட்டத்துக்கு முன்பே எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தால், அந்தக் கேள்வியை ஆய்வில் எழுப்பச் சொல்லலாம்.

15 அம்சத் திட்டத்தின் மாவட்டக் குழு: சிறுபான்மையினர் நலனுக்கான பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டம் 2006-இல் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பப் பயிற்சியின் மூலம் திறன் மேம்படுத்துவது அதில் ஓர் அம்சம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும், சிறுபான்மையினருக்காகப் பணியாற்றும் தொண்டு அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. நமது மாவட்டத்தில் அந்த இடத்தில் இருப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் இதை விசாரிக்கலாம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்: வகுப்பு நடக்கவில்லை, அசல் சான்றிதழைத் திருப்பித் தரவில்லை, பணம் கேட்கிறார்கள் போன்ற தனிப்பட்ட புகார்களுக்கு இதுவே விரைவான வழி.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லையென்றாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பயிற்சி நிறுவனம் தனியாருடையதாக இருந்தாலும், அதற்குப் பணம் தரும் அரசு அலுவலகத்திடம் கேட்கலாம். கேட்க வேண்டியவற்றை எண்ணிக்கையாகக் கேளுங்கள்:

- கடந்த நிதியாண்டில் மாவட்டத்தில் இயங்கிய பயிற்சி மையங்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட தொகையும்.
- மையம் வாரியாகச் சேர்ந்தவர்கள், சான்றிதழ் பெற்றவர்கள், வேலையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை.
- இவர்களில் சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்.
- அதிகாரிகள் மையங்களைப் பார்வையிட்ட தேதிகளும் ஆய்வு அறிக்கைகளின் நகலும்.
- மாவட்டத் திறன் குழு கூடிய தேதிகளும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குழு கூடியதா என்பதே பல விஷயங்களைச் சொல்லிவிடும். பயனாளிகளின் பெயர், முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்களைச் சட்டப்படி மறுக்கலாம். எண்ணிக்கையும் தொகையும் பொதுத் தகவல்கள்.

சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

- மையத்தின் பெயர் மத்திய அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்திலோ தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் தளத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.
- இலவசத் திட்டத்தில் சேர்க்கைக் கட்டணம், சீருடைக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அதுவே எச்சரிக்கை.
- அசல் கல்விச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம்.
- எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்தப் பாடத்தில், சான்றிதழ் தருவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.
- முந்தைய பேட்ச்சில் படித்த இரண்டு மூன்று பேரின் கைப்பேசி எண்ணை, அவர்கள் சம்மதத்துடன், வாங்கிப் பேசுங்கள். இதைவிடச் சிறந்த விசாரணை இல்லை.
- பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பதாக இருந்தால் விடுதியை நேரில் பாருங்கள். விடுதிக் காப்பாளர் யார், இரவில் யாரை அழைப்பது என்று கேளுங்கள்.
- வேலை வெளியூரில் என்றால் கையில் கிடைக்கும் சம்பளம், தங்குமிடம், உணவுச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் ஏழாயிரம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் பிள்ளை இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவான்.
- வெளிநாட்டு வேலை என்று சொன்னால், அனுப்புபவர் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

ஜமாஅத்தும் ஊர் அமைப்புகளும் செய்யக்கூடியது

நமது ஊர்களில் ஜமாஅத், இளைஞர் நற்பணி மன்றம், கல்வி அறக்கட்டளை போன்ற அமைப்புகள் கல்வி உதவித்தொகைக்காக ஏற்கெனவே மாணவர் பட்டியல் வைத்திருக்கின்றன. அதோடு இன்னொரு நோட்டைச் சேர்த்துக்கொண்டால் போதும். பயிற்சிக்குச் சென்றவர் பெயர், திட்டம், மையம், சேர்ந்த தேதி, முடித்த தேதி, சான்றிதழ் வந்ததா, வேலை கிடைத்ததா, மூன்று மாதம் கழித்து என்ன நிலை, ஆறு மாதம் கழித்து என்ன நிலை. அவ்வளவுதான்.

ஓராண்டில் இருபது முப்பது பேரின் விவரம் சேர்ந்துவிட்டால், அது எந்த அலுவலகத்திலும் இல்லாத ஆவணமாகிவிடும். எந்த மையம் நல்லது, எது ஆள் பிடிக்க மட்டுமே வருகிறது என்பது அதிலேயே தெரியும். "எங்கள் வார்டில் 24 பேர் படித்தார்கள், 9 பேர் வேலையில் இருக்கிறார்கள்" என்று எழுதிக் கொடுக்கும் மனுவுக்கும், "பயிற்சி சரியில்லை" என்று எழுதும் மனுவுக்கும் அதிகாரிகளிடம் கிடைக்கும் மரியாதை வேறு. இந்த விவரங்களைச் சேகரிக்கும்போது அந்தந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும், பெண்களின் தொடர்பு எண்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

இந்த நோட்டு நமது சமுதாயப் பிள்ளைகளோடு நின்றுவிடவும் கூடாது. அதே மையத்தில் அதே பெஞ்சில் அமர்ந்து படிப்பவர்கள் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும்தான். ஊரின் மற்ற அமைப்புகளோடும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்போடும் சேர்ந்து செய்தால் விவரம் முழுமையாகும். கோரிக்கையும் ஊரின் கோரிக்கையாக இருக்கும்.

நல்ல மையங்களைப் பாராட்டுவதும் இதில் அடங்கும். ஒரு பயிற்சி நிறுவனம் நேர்மையாக நடந்து, பிள்ளைகள் வேலையில் நிலைத்திருந்தால் அதையும் கிராம சபையில், மன்றக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். அடுத்த பேட்ச் நமது ஊருக்கு வர அது உதவும்.

அடுத்த கிராம சபையோ வார்டு கூட்டமோ வருவதற்குள், உங்கள் தெருவில் கடந்த இரண்டு ஆண்டுகளில் பயிற்சிக்குச் சென்ற பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்து எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு கூட்டத்துக்குச் சென்று, மாவட்டத் திறன் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.